ஆறுதலாக வந்த சிங்கம்

சாவதற்கு ஆள் கிடைத்துவிட்டது. கொல்வதற்குத்தான் கிடைக்கவில்லை.

ஸ்டுட்கார்ட் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறார்கள் என்றால், அதை எழுதி, இயக்கி, உடுப்புத் தைத்து, வசனம் மறந்தவர்களைத் திட்டி, கடைசிக் காட்சியில் எல்லாருக்கும் முன்னால் அழுது தொடங்கி வைப்பவர் ரஞ்சினி அக்காதான். பகலில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் நாடகம். அவருடைய கணவர் மேடைக்கு விளக்குப் போடுபவர். வீட்டிலும் சரி, மேடையிலும் சரி, அந்த மனிதருக்கு வசனம் கிடையாது.

இந்த வருடம் அக்கா எடுத்துக்கொண்டது, ரோமர் காலத்தில் லியோன் நகரத்து அரங்கில் மிருகங்களுக்குப் போடப்பட்ட பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணின் கதை. "நீ கிறிஸ்தவள் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல், விட்டுவிடுகிறேன்" என்று ஆளுநர் கேட்பான். அவள் சொல்ல மாட்டாள். அந்த ஒரு வார்த்தை வாயில் வராததற்காகத்தான் அத்தனை பாடும்.

பழைய ஏட்டில் உள்ளபடி பார்த்தால் அவளைக் கடைசியில் முட்டிக் கொன்றது ஒரு காளைமாடு. ரஞ்சினி அக்கா மாட்டை ஒரே கோட்டில் அடித்துவிட்டுச் சிங்கம் என்று எழுதிவிட்டார். "மாடு இடிச்சுச் செத்தவள் எண்டால் எங்கடை சனம் சிரிக்கும். பிறகு ஆர் அழுகிறது?" என்பது அவர் கட்சி. நாடக ஆசிரியருக்கு வரலாறு ஒரு பொருட்டா?

சிங்கம் என்று எழுதினாரே தவிர, சிங்கமாக யார் வருவது என்று அவர் யோசிக்கவில்லை. இலங்கைக் கொடியில் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ன மிருகம் என்று உங்களுக்கே தெரியும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த யாழ்ப்பாணத்து ஆட்களிடம் போய், சிங்கத் தோலைப் போர்த்திக்கொண்டு மேடையில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கடித்துக் குதறுங்கள் என்றால் யார் வருவார்கள்? "அக்கா, சாகச் சொல்லுங்கோ, சாகிறன். சிங்கமா மட்டும் வரச் சொல்லாதேங்கோ. பிறகு மாமி எனக்குச் சோறு போடமாட்டா" என்று, வருடா வருடம் நடிக்கும் வசந்த்குமார் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையோடு ஆளுநர் வேடத்தை வாங்கிக்கொண்டு தப்பித்தும் விட்டான். மற்ற ஆண்களுக்கெல்லாம் அந்த வாரம் பார்த்து முதுகுவலி வந்தது.

பிளாந்தினாவாக நடிப்பவள் அக்காவின் மகள் லவினியா. அவள்தான் ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்மா, எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார். இந்தியன்."

ரஞ்சினி அக்கா நிமிர்ந்தார். "இந்தியனோ? அவைக்குச் சிங்கத்தோடை ஒரு கோபமும் இராதுதானே?"

சேஷாத்ரி இந்தக் கதைக்குள் வந்தது இப்படித்தான்.

திருவல்லிக்கேணிக்காரன். கார் பிரேக்குக்கான மென்பொருளைச் சோதிப்பது தொழில். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டு, பிசியோதெரபிக்குப் போன இடத்தில் லவினியா அவன் கழுத்தைத் திருப்பினாள். அன்றைக்குத் திரும்பிய கழுத்து அதற்குப் பிறகு வேறு பக்கம் திரும்பவில்லை. ஒரு வருடமாக இருவரும் நெக்கார் ஆற்றங்கரையில் நடக்காத நடை இல்லை. ஆனால் லவினியா முதல் மாதமே கறாராகச் சொல்லிவிட்டாள்: "அம்மாவுக்கு ஒளிச்சுக் கலியாணம் கட்ட மாட்டன். அம்மா ஓம் எண்டால் கலியாணம். இல்லை எண்டால் நான் உங்களைப் பாக்க வரமாட்டன். அழுவன், ஆனால் வரமாட்டன்." சேஷாத்ரிக்கு உலகத்தில் வேண்டியிருந்ததெல்லாம் ரஞ்சினி அக்காவின் வாயிலிருந்து ஒரு சம்மதம். அதற்குப் பெண் கேட்டுப் போகலாம், பூ வாங்கிக்கொண்டு போகலாம், பெரியவர்களை அனுப்பலாம். பெண்ணைத் தின்றுகாட்டிச் சம்மதம் வாங்கப் புறப்பட்டவன் நம் சேஷாத்ரி ஒருவனாகத்தான் இருப்பான்.

முதல் நாள் ஒத்திகைக்கு அவன் போனது ஒரு சனிக்கிழமை மதியம். தேவாலயத்தோடு ஒட்டிய மண்டபம். ரஞ்சினி அக்கா கையில் இரண்டு தட்டுகளோடு எதிரே வந்தார். ஒரு தட்டில் மரக்கறி ரோல்ஸ், மற்றதில் ஆட்டிறைச்சி ரோல்ஸ். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்ப அன்பாகத்தான் கேட்டார். "தம்பி, நீங்கள் சைவமோ, வேதமோ?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சைவம் என்றால் இந்து. வேதம் என்றால் கிறிஸ்தவம். குழந்தைக்குக்கூடத் தெரியும். திருவல்லிக்கேணியில் எந்தக் குழந்தைக்கும் தெரியாது. சேஷாத்ரி ஐயங்கார் வீட்டுப் பையன். சாப்பாட்டில் அவன் சைவம்தான், வெங்காயத்தைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கும் வீடு. ஆனால் "நீ சைவமா?" என்று கேட்டு அதற்குத் தலையாட்டினால், காஞ்சிபுரத்தில் இருக்கும் பெரியப்பா நாமத்தை அழித்துக்கொண்டு கிணற்றில் குதித்துவிடுவார். வேதமா என்றால், அதிலென்ன சந்தேகம்? பரம்பரை பரம்பரையாக அதுதானே வேலை!

"சைவம் இல்லை ஆன்ட்டி. வேதம்தான். தாத்தா காலத்துலேர்ந்தே வேதம்" என்றான், சற்றுப் பெருமையாகவே.

ரஞ்சினி அக்காவின் முகம் பெரிய விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. "மூண்டு தலைமுறையா வேதமோ! பாத்தாலே தெரியுது, முகத்திலை ஒரு களை" என்று சொல்லி, சைவம் இல்லாத பிள்ளைக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸை இரண்டாக எடுத்துக் கையில் வைத்தார். "ஊரிலை எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்?"

"வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு ஆன்ட்டி. பெரிய கோயில்."

"திருநாளுக்குத் தேர் இழுக்கிறவையோ?"

"இழுப்பாங்க ஆன்ட்டி. பயங்கர கூட்டம்!"

"எங்கடையைப் போலத்தான்" என்று நெகிழ்ந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அக்கா. இதில் ஒருவரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

ரோல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பாம்பைப் பிடித்தவன்போல் நின்றவனை லவினியா காப்பாற்றினாள். இரண்டையும் வாங்கி அவளே தின்றாள். திரும்பிப் போகும்போது எஸ்-பான் ரயிலில் வைத்து அவனுக்கு விஷயத்தை விளக்கினாள். விளக்கினாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, பாதியில் சிரிப்பு வந்து, சிரிப்பில் விக்கல் வந்து, எதிர் இருக்கையில் இருந்த ஜெர்மன் அம்மாள் தண்ணீர் போத்தலை நீட்டும்படி ஆகிவிட்டது. சேஷாத்ரிக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்" என்றான்.

"வேண்டாம்! இப்ப சொன்னால் சிங்கமும் போயிடும், நீங்களும் போயிடுவியள். நாடகம் முடியட்டும். உங்களை அம்மாவுக்கு நல்லாப் பிடிச்சபிறகு நானே சொல்லுறன்."

பிடித்துத்தான் போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் "எங்கடை வேதப் பெடியன்" என்று அக்கா அவனை எல்லாருக்கும் அறிமுகம் செய்தார். அவன் கூனிக்குறுகிப் பின்வரிசையில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பான். சிங்கம் வருவது கடைசிக் காட்சியில்தானே. அதுவரை ஆளுநர் வசந்த்குமார் மேசை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, "இல்லை என்று சொல்லிவிடு பெண்ணே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கெஞ்சுவான், மிரட்டுவான். லவினியா தலையை நிமிர்த்தி, "நான் கிறிஸ்தவள். எங்களிடம் ஒரு தீமையும் நடப்பதில்லை" என்பாள். வாரா வாரம் இதைக் கேட்கக் கேட்க சேஷாத்ரிக்கு நெஞ்சில் முள் தைத்தாற்போல் இருந்தது. அந்தப் பெண் ஒரு பொய் சொல்லாமல் சாகிறாள். நான் ஒரு உண்மை சொல்லாமல் ரோல்ஸ் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வான். அப்புறம் லவினியா அவனைப் பார்த்துக் கண்ணடிப்பாள். முள் கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

சிங்கத்தின் ஒத்திகை ஒரே ஒரு தடவைதான் நடந்தது, அதுவும் லவினியா வேலைக்குப் போயிருந்த நாளில். அவளுக்குப் பதிலாகக் கம்பத்தில் ஒரு மெத்தையைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஃபாஷிங் மாறுவேடத் திருவிழா முடிந்து மலிவில் கிடைத்த சிங்க உடை. தலைக்குள் இருந்து பார்த்தால் வாய் வழியாக ஒரு சாண் அகலத்துக்கு உலகம் தெரியும். அதைவிடச் சங்கடம், அந்தச் சிங்கம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. ரஞ்சினி அக்கா கறுப்பு நூலால் வாயின் இரண்டு ஓரத்தையும் கீழே இழுத்துத் தைத்துப் பார்த்தார். அப்போதும் அது அழுகையை அடக்கிக்கொண்டு சிரிப்பதுபோல்தான் இருந்தது. சேஷாத்ரி மாமியாரை மகிழ்விக்கும் ஆவேசத்தில் மண்டபத்தின் கோடியிலிருந்து ஓடிவந்து பாய்ந்தான். மெத்தை, கம்பம், கம்பத்துக்குப் பின்னால் அட்டையில் வரைந்து வைத்திருந்த ரோமாபுரி, எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. நாள் முழுக்கப் பிரேக் சோதிப்பவனுக்குத் தன் காலில் பிரேக் இல்லை.

அக்கா அன்றைக்கு ரோமாபுரியை மட்டும் தூக்கி நிறுத்தினார். ஆனால் மனதில் வைத்துக்கொண்டார். மெத்தை இருந்த இடத்தில் விழாவன்று நிற்கப்போவது பெற்ற பிள்ளை அல்லவா?

விழா நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மண்டபம் பிதுங்கியது. முன்வரிசையில், மண்டபத்தைத் தந்த ஜெர்மன் பாதிரியார், அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பல்கலைக்கழகத்துப் பெண். கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால், திரைக்குப் பின்னே சிங்கத் தலையை மாட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்த சேஷாத்ரியிடம் ரஞ்சினி அக்கா வந்தார். அவன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. ஓடிப் பாய வேண்டாம். என்ரை பிள்ளையிட்டை ஆறுதலாப் போங்கோ. பாவம், காலமை தொடக்கம் நிண்டு களைச்சுப்போனாள். பிள்ளையை உங்களை நம்பித்தான் விட்டிருக்கிறன். ஆறுதலா, என்ன?"

யாழ்ப்பாணத்தார் ஆறுதலாகப் போ என்றால் மெதுவாக, அவசரப்படாமல் போ என்று அர்த்தம். திருவல்லிக்கேணியில் ஆறுதல் என்றால் ஆறுதல்தான். அழுகிறவர் தோளைத் தொட்டு, நான் இருக்கிறேன் என்று சொல்வது.

சேஷாத்ரிக்குச் சிங்கத் தலைக்குள் காது அடைத்துக்கொண்டது. என் பிள்ளைக்கு ஆறுதலாக இரு. உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறேன். ஒரு தாய் இதைவிட எப்படித் தெளிவாகச் சொல்வாள்? தெரிந்துவிட்டது! எல்லாம் தெரிந்து, சம்மதமும் சொல்லிவிட்டார்! பழம் நழுவிப் பாலில் விழுந்து, அதுவும் நழுவி வாயில் விழுந்தது என்பார்களே, அது இதுதான். "ஆன்ட்டி! நான் இருக்கேன் ஆன்ட்டி! கடைசி வரைக்கும் ஆறுதலா இருப்பேன்!" என்று அவர் கையை இரண்டு பஞ்சுக் கால்களாலும் பற்றிக் குலுக்கினான். கடைசி வரைக்கும் மெதுவாக வருவேன் என்று ஒரு பிள்ளை இத்தனை உருக்கமாகச் சொல்வதைக் கேட்டு அக்காவுக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது. அதற்குள் வசந்த்குமார் மேடையில், "விடுங்கள் சிங்கத்தை!" என்று கத்திவிட்டான்.

சிங்கம் மேடைக்கு வந்ததும் மண்டபம் கொதித்தது. "ஊ" என்று பின்னாலிருந்து கூச்சல். முன்வரிசையில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பலகால ஆத்திரம், நேரில் ஒரு சிங்கம் இப்போதுதான் வாகாகக் கிடைத்திருக்கிறது. நடுவில் கம்பத்தோடு கட்டப்பட்டு, வெள்ளை உடுப்பில் லவினியா. கை கட்டியிருப்பதால் அவளுடைய கடைசிச் செபம் கேட்கவேண்டுமென்று கம்பத்திலேயே, அவள் முகவாய்க்குப் பக்கத்தில், ஒரு மைக்கைக் கட்டிவைத்திருந்தார்கள். வாய் வழியாக மட்டும் உலகத்தைப் பார்த்துக்கொண்டு வந்த சேஷாத்ரிக்கு லவினியா தெரிந்தாள். மைக் தெரியவில்லை.

அவன் மிதந்துகொண்டு போனான். போய், அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். பஞ்சுப் பாதத்தால் அவள் பாதத்தைத் தட்டிக்கொடுத்தான்.

கூச்சல் நின்றது. பெரியவரின் செருப்பு பாதி வழியில் நின்றது. அந்த அமைதியில் ஜெர்மன் பாதிரியார் மட்டும் ஆசனத்தைவிட்டு எழுந்தேவிட்டார். அந்தப் பழைய ஏட்டிலும் இப்படியேதான் இருக்கிறதாம், முதல் நாள் மிருகங்கள் பிளாந்தினாவைத் தொடவே இல்லையாம், இவ்வளவு நுணுக்கமாக ஒரு நாடகத்தை அவர் பார்த்ததே இல்லையாம். பல்கலைக்கழகத்துப் பெண் மொழிபெயர்க்க, அக்கம்பக்கத்து வரிசைகள் பெருமையில் பூரித்தன. பக்கத் திரைக்குப் பின்னால் ரஞ்சினி அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

லவினியா உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள். "கடியுங்கோ."

மைக் அதை மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிங்கமே இரங்கி நிற்க, சாவை வலியக் கேட்கும் வேதசாட்சி! பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"கடியுங்கோ எண்டுறன்!"

"எதுக்கு கடிக்கணும்?" என்றது சிங்கம், சுத்தமான சென்னைத் தமிழில். "உங்க அம்மா ஓகே சொல்லிட்டாங்க!"

"என்ன ஓகே?"

"நம்ம கல்யாணத்துக்கு! இப்பதான் சொன்னாங்க. பிள்ளையை உன்னை நம்பித்தான் விட்டிருக்கேன், அவளுக்கு ஆறுதலா இருன்னு சொன்னாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க லவி!"

"ஐயோ! ஆறுதலா எண்டால் மெதுவா! லாங்சாம்! லாங்சாமா வரச் சொன்னவா!"

தமிழ் புரியாத பாதிரியாருக்கும் அந்த ஒரு ஜெர்மன் வார்த்தை புரிந்தது. மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஊசி விழவில்லை, பின்வரிசையில் யாருக்கோ சிரிப்பு விழுந்தது. அது ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தொற்றி, மண்டபமே குலுங்கியது. கைக்குட்டை எடுத்த பெண்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரஞ்சினி அக்கா மேடைக்கு வந்தார். நாடகப் பிரதியைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். சிரிப்பு நின்றது. அவர் முதலில் சிங்கத்தைப் பார்க்கவில்லை.

"லவினியா, உண்மையோ?"

கம்பத்தில் கட்டியிருந்த பிள்ளைக்கு ஓட வழியில்லை. "ஓம் அம்மா" என்றாள்.

"எவ்வளவு காலமா?"

"ஒரு வருசம்."

அக்கா திரும்பினார். "தலையைக் கழட்டுங்கோ தம்பி."

சேஷாத்ரி கழற்றினான். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது, மூக்குக் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் அக்காவின் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. கோபத்தில் துடித்ததா, வேறெதனாலாவதா என்று அவன் கண்ணாடிக்குத் தெரியவில்லை. நீண்ட பெருமூச்சு ஒன்று மைக்கில் கேட்டது.

"என்னட்டை நேரை வந்து கேட்டிருக்கலாம்தானே?" என்றார் அக்கா. பிறகு சபையைப் பார்த்து, தனக்கே சமாதானம் சொல்வதுபோல் சொன்னார். "பெடியன் நல்ல பெடியன்தான். படிச்ச பிள்ளை, குடிக்கிறேல்லை. எல்லாத்துக்கும் மேலை எங்கடை வேதம். மூண்டு தலைமுறையா வேதம்."

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். லவினியா மூச்சை விட்டாள். அவள் கண் அவனிடம் கெஞ்சியது: சும்மா இருங்கோ, ஒண்டும் சொல்லாதேங்கோ.

ஒன்றும் சொல்ல வேண்டியதில்லைதான். கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வருடமாக ஏங்கியது இதற்குத்தானே? தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும், மேளம் கொட்டிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மேலே மேடை ஆசனத்தில் மேசை விரிப்போடு வசந்த்குமார் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தக் கேள்வியை இதே இடத்தில் இவன்தானே வாரா வாரம் கேட்டான் என்று சேஷாத்ரிக்குப் பட்டது. இப்போது வாயைத் திறந்தால் லவினியா போய்விடுவாள். அழுவாள், ஆனால் வரமாட்டாள்.

"ஆன்ட்டி, நான் வேதம் இல்லை" என்றான்.

கைதட்டல் அரைகுறையாக நின்றது.

"அதாவது, நீங்க சொல்ற வேதம் இல்லை. எங்க வீட்டுல வேதம்னா வேற. நான் ஐயங்கார். எங்க கோயில்ல இருக்கறது பார்த்தசாரதி. அன்னிக்கு நீங்க கேட்டது எனக்குப் புரியலை, சொல்லிட்டேன். புரிஞ்சப்புறம் பயந்துபோய் சும்மா இருந்துட்டேன். இப்பவும் சும்மா இருக்கலாம். ஆனா இந்தப் பொண்ணு ஒரு பொய் சொல்லாம சாகறதை இத்தனை வாரமா உக்காந்து பார்த்துட்டு, இங்க நின்னுக்கிட்டு பொய்யா தலையாட்ட என்னால முடியலை ஆன்ட்டி. எனக்கு லவினியாவை ரொம்பப் பிடிக்கும். அது மட்டும் முழுக்க நிஜம்." குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரலையும் மைக் விடாமல் பிடித்துக்கொண்டுபோய்க் கடைசி வரிசையில் போட்டது.

ரஞ்சினி அக்கா சுருளைப் பிரித்தார். கையில் இருந்த பிரதியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பொய் சொல்வதைவிடச் சாவது மேல் என்று பக்கம் பக்கமாக அதில் எழுதியவர் அவர்தான்.

முன்வரிசைப் பெரியவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "ரஞ்சினி, சிங்கம் பாவம்! விடு பிள்ளை!"

அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வரும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். மண்டபம் ஆரவாரித்தது. வசந்த்குமார் ஆசனத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, இப்ப நான் என்ன தீர்ப்புச் சொல்லுறது?" என்றான்.

"நீ வாயை மூடிக்கொண்டு இரு" என்றார் அக்கா. பிறகு சேஷாத்ரியின் கையில் இருந்த சிங்கத் தலையை விரலால் காட்டினார். "அதைப் போடும்."

"ஆன்ட்டி?"

"தலையைப் போடும். சனம் எவ்வளவு நேரமாப் பாத்துக்கொண்டிருக்குது! எழுதின நாடகத்தை நடுவிலை விட ஏலாது. பிள்ளையைக் கடியும். கடிச்சு முடிச்சுப்போட்டு வீட்டை வாரும், கதைப்பம்." சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

சேஷாத்ரிக்கு அந்த 'வாரும்' மட்டும்தான் காதில் விழுந்தது. இத்தனை நாள் வாங்கோ, போங்கோ, சாப்பிடுங்கோ என்று தேன் ஒழுகக் கூப்பிட்டவர். இப்போது போடும், கடியும், வாரும். அந்தக் 'கோ'வோடு மரியாதையும் போயிற்று, எல்லாமும் போயிற்று. தலையை மாட்டிக்கொண்டு கம்பத்தை நெருங்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சாரி லவி. முடிஞ்சுபோச்சு. எவ்வளவு கோபமா 'வாரும்'னு சொல்லிட்டுப் போறாங்க பாரு."

லவினியாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

"லூசு" என்றாள் அவள், கன்னமெல்லாம் நனைய. "வெளியாக்களைத்தான் அம்மா 'வாங்கோ' எண்டுவா. பீலெஃபெல்டிலை இருக்கிற என்ரை அக்கான்ரை மனுசன், அந்த மருமகன் ஒருத்தரைத்தான் அவ 'வாரும்' எண்டு கூப்பிடுறவா. வேறை ஆரையும் இல்லை."

இதுவும் மைக்கில் கேட்டது. சிங்கம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அது போட்ட கர்ஜனையில் ரோமாபுரி மறுபடி ஆடியது. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து கம்பத்தோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டது. பிளாந்தினா தலையைச் சாய்த்து, அடக்கமாட்டாமல் சிரித்துச் சிரித்தே செத்தாள். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள்.